எண்ணாத பணம்

கோர்ட் கஜானா அறைக் கதவைத் திறந்த பியூன் அலறிக்கொண்டு பின்வாங்கினான்.

காசாளர் மேஜைமீது கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் கோர்ட் முத்திரை குத்தும் இரும்பு அச்சு... ரத்தத்தோடு.

இன்ஸ்பெக்டர் வந்தார். பிணத்தைப் பார்த்தார். முகம் மாறவில்லை.

அறையைப் பார்த்தபோதுதான் முகம் சுளித்தார்.

செத்தவர்களின் சொத்து, அநாதைக் குழந்தைகளின் பங்கு, வழக்காடியவர்கள் கட்டிய டெபாசிட்... எல்லாம் சுருட்டு டப்பாவிலும் கோணிப்பையிலும் கிடந்தன. எது யாருடையது என்று ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. யாரோ ஒருத்தியின் நகை மூட்டைக்குள் எலி குட்டி போட்டிருந்தது.

கணக்குப் புத்தகம் எங்கே என்று ஹெட்கிளார்க்கைக் கேட்டார். புத்தகம் பத்திரமாக இருக்கிறதாம். அதில் எழுதித்தான் ஒன்பது வருஷமாயிற்றாம். வெள்ளைக்கார ஜட்ஜ் துரையும் கேட்டதில்லை. வருஷத்துக்கொரு தடவை 'எல்லாம் சரி' என்று மேலிடத்துக்கு ஒரு கடிதம் போகும். அவ்வளவுதான்.

"இதுக்குள்ள உக்காந்து சோறு வேற எறங்குதாக்கும் உங்களுக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

அலுவலகத்துக்கே தலைவரான ரிஜிஸ்திரார் வந்தார். பட்டுக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார். கொலைகாரியைத் தானே பிடித்துக் கான்ஸ்டபிளிடம் ஒப்படைத்தாயிற்று என்றார்.

வராந்தாவில் விலங்கோடு ஒரு விதவை. புருஷன் விட்டுப்போன பணத்துக்காக இரண்டு வருஷமாக நடையாய் நடக்கிறவள். நேற்று காசாளரிடம் கத்திச் சண்டை போட்டாளாம்.

இன்ஸ்பெக்டர் அவளருகே குனிந்தார்.

"நீயாம்மா செஞ்சே?"

"நான் ஏங்க அவரைக் கொல்லணும்? இங்க மனுஷனா பேசினது அவர் ஒருத்தர்தான். இனிமே எல்லாத்தையும் எண்ணி எழுதப் போறேன், உன் பணத்தைக் கண்டுபிடிச்சுத் தரேன்னார். அதைக் கேட்டுத்தான் வாய்விட்டு அழுதேன்..."

ரிஜிஸ்திரார் சலித்துக்கொண்டார்.

"நடிப்பு சார். பன்னிரண்டாயிரத்து நானூத்தி அறுபது ரூபா போயிருக்கு. சும்மாவா?"

இன்ஸ்பெக்டர் மெல்ல நிமிர்ந்தார்.

"எவ்வளவு?"

ரிஜிஸ்திரார் திரும்பச் சொன்னார். பாதியிலேயே குரல் தேய்ந்தது...

"ஒன்பது வருஷமா யாரும் எண்ணாத பணம். எவ்வளவு இருந்துச்சுன்னே இங்க ஒருத்தருக்கும் தெரியாது. போனது எவ்வளவுன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்? எடுத்தவன்தானே எண்ணியிருப்பான்?"

ரிஜிஸ்திரார் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பெட்டி கிடைத்தது. எண்ணினார்கள். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. காசாளர் எண்ண உட்கார்ந்தால் பல வருஷத் திருட்டு வெளியே வந்துவிடும் என்றுதான் அடித்தேன் என்று ஒப்புக்கொண்டார்.

விதவையின் விலங்கு கழன்றது. தன் பணம் இதில் எது என்று அவள் கேட்டாள். இன்ஸ்பெக்டரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கட்டடத்தின்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

போலீஸ் வண்டியில் ஏறும்போது ரிஜிஸ்திரார் முணுமுணுத்தார்.

"ஜாமீன் கேட்டா... பணம் எங்க கட்டணும்?"

"உங்க ஆபீஸ்லதான் சார். ஆனா ரசீது கிடைக்காது. குடுக்கறவரைத்தான் நீங்க அடிச்சுக் கொன்னுட்டீங்களே."