பன்னிரண்டு பேரும் உயிரோடு!

ட்ரிங்ங்ங்...!

காலை ஒன்பது மணி. வாசலூர்பட்டி விருந்தினர் விடுதியில் டாக்டர் அருள்பிரகாஷ் ரிசீவரை எடுத்தார்.

"சார்...!" லீவு முடிந்து அன்றுதான் மலையேறியிருந்த உதவியாளர் ஹேமலதா. ஆய்வுக்கூடத்திலிருந்து பேசினாள். "பயங்கரம் சார்!"

"என்னம்மா?"

"ஒருத்தர்கூட சாகல!"

ரிசீவர் நழுவியது.

பன்னிரண்டு பேர் செத்திருக்க வேண்டும். தேதி குறித்து, தீனி குறித்து, தீர்மானித்த சாவு!

ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். பின்னறையில் முதல் கூண்டு. பதினைந்து நாளாக அவர் அந்தப் பக்கம் போகவில்லை. சாவைப் பார்க்கும் மனசு அவருக்குக் கிடையாது.

பன்னிரண்டு வெள்ளை எலிகள். கொழுகொழுவென்று!

விஷயம் இதுதான். பூசணம் பிடித்த கடலையில் ஒரு நஞ்சு உண்டு. ஈரலைக் காலி செய்துவிடும். அதை முறிக்கும் ஆன்டி ஆக்ஸிடன்ட், தான் கண்டுபிடித்த மூலிகைச் சாறு 'கொல்லி சஞ்சீவி'யில் இருக்கிறது என்று சொல்லியே டாக்டர் ஆறு பொன்னாடை வாங்கியிருந்தார். முதல் கூண்டுக்கு வெறும் பூசணக் கடலை, சாக வேண்டும். இரண்டாம் கூண்டுக்குக் கடலையோடு சாறு, பிழைக்க வேண்டும்.

பத்து மணிக்கு அங்கீகாரக் குழுத் தலைவி நாகலட்சுமி வருகிறார். எலி சாகாவிட்டால் சஞ்சீவி செத்தது!

"கண்ணாயி!"

எலிக்குத் தீனியும் டாக்டருக்குச் சமையலும் பார்க்கும் கண்ணாயி கை துடைத்தபடி வந்தாள்.

"இதுங்களுக்கு என்ன போட்டே?"

"நீங்க சொன்னதத்தானுங்க... பூசணி."

"பூசணியா...!"

"'பூசண உணவு'ன்னு சீட்டுல எழுதியிருந்தீங்க. அவசரத்துல எழுத்து மாறிப்போச்சாட்ட இருக்குதுன்னு நானே சரி பண்ணிக்கிட்டனுங்க."

"பூசணம்னா... பூத்துப்போனது!"

"பூத்த கடலைன்னே எழுதியிருக்கலாமுங்களே சாமி!"

"அப்ப அந்தக் கடலை மூட்டை?"

"அதுலதான் 'டாக்டர் அருள்பிரகாஷ் அவர்களின் உபயோகத்துக்கு மட்டும்'னு பெருசா ஒட்டியிருந்துச்சுங்களே. நாங்க ஆரும் தொடலீங்க."

"நல்லவேளை..."

"நல்லாத் தேச்சு, வறுத்து, உங்களுக்கு மட்டும் தெனமும் சட்னி அரைச்சனுங்க. ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித் தின்னீங்களே!"

டாக்டரின் கை ஈரலைத் தேடியது. அது வலப்பக்கமா இடப்பக்கமா என்பது திடீரென்று மறந்துபோயிருந்தது.

ஹேமலதா பாட்டிலோடு பாய்ந்தாள். "சஞ்சீவி சார்! மடக்குனு குடிங்க!"

"தூக்கிப் போடு அதை! வெறும் வெல்லத் தண்ணிடி அது! இரண்டாம் கூண்டுக்கு என் கையால போட்டதெல்லாம் நல்ல கடலை! ஐயோ... ஜீப்பை எடுங்க! சேந்தமங்கலத்துல நிஜ டாக்டர் யாராவது இருப்பார்!"

வாசலில் ஒரு செருமல்.

நாகலட்சுமி! அரை மணி முன்னதாகவே வந்து நின்றிருந்தார். கையில் திறந்த நோட்டு.

"பதறாதீங்க டாக்டர். என் ஜீப்புலயே வாங்க" என்றார் நிதானமாக. "இறங்கறதுக்கு எழுபது வளைவு இருக்கு. வளைவுக்கு ஒண்ணா மீதிப் பொய்யையும் சொல்லிட்டு வந்துடலாம்!"