பேச்சிமுத்துவுக்குப் போடாத ஊசி

மத்தியானம் மூன்று மணிக்கு விளாங்குடி வீட்டில் ஸ்பிரிட் வாடை அடித்தது. ஜன்னல் பக்கம் போனால் குறைந்தது, மேசைக்குத் திரும்பினால் மூக்கைத் துளைத்தது. மேசையில் இருந்ததோ வெறும் மைப்புட்டியும் பேயாண்டி எழுதிக்கொண்டிருந்த தாள்களும்தான்.

"ஜெயக்கொடி, ஸ்பிரிட்டு எதுவும் கொட்டுச்சா?"

"நம்ம வீட்டுல ஏதுங்க ஸ்பிரிட்டு?" அடுப்படியிலிருந்தே சொன்னாள் மனைவி. "எந்நேரமும் பட்டாளத்தையே நெனச்சா அப்படித்தான் இருக்கும்."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் அவர் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்த ராணுவக் கள மருத்துவமனையின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் நினைவில் இருப்பதை எழுதி அனுப்பச் சொல்லிப் போன மாதம் கடிதம் வந்திருந்தது. மனிதர் பதினோரு பக்கம் பெருமை பொங்க எழுதிவிட்டார். கூடாரம் அடித்தது, ஆறு தாண்டியது, அதிகாரி முதுகில் தட்டியது, ஒன்றையும் விடவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில்தான் மூன்று நாளாகப் பேனா நிற்கிறது. அது பேச்சிமுத்துவின் பக்கம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. காயம்பட்டவனுக்கு வலி தெரியாமலிருக்க 'மார்பின்' என்ற மருந்தை ஊசியில் போட்டதும் நெற்றியில் மைப்பென்சிலால் 'எம்' என்று எழுதிவிட வேண்டும். தெரியாமல் இன்னொருவர் மறுபடி போட்டால் ஆள் செத்துப்போவான். அன்று லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். நேரம் மிச்சமாகும் என்று பேயாண்டி முதலில் எல்லார் நெற்றியிலும் வரிசையாக எழுதிவிட்டு, பிறகு ஊசியோடு வந்தார். கடைசி ஆளிடம் வருவதற்குள் ஸ்ட்ரெச்சர் தூக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தக் கடைசி ஆள், கொட்டாம்பட்டிப் பையன் பேச்சிமுத்து. வயிற்றில் குண்டு.

திரும்பி வந்தபோது அவன் கத்திக்கொண்டிருந்தான்.

"எனக்குப் போடலண்ணே!"

டாக்டர் அவன் நெற்றியைப் பார்த்தார். பேயாண்டியைப் பார்த்தார்.

"இவனுக்குப் போட்டியா?"

ஒப்புக்கொண்டால் விசாரணை. வேலை போகும்.

"போட்டாச்சு சார்."

பிறகு ரகசியமாகப் போடவும் பயம், யாராவது பார்த்துவிட்டால் என்று. நாலு மணி நேரம் கத்திக் கத்தியே செத்தான். அந்தக் கேடுகெட்ட பயத்தை நினைத்தால் பதிமூன்று வருஷம் கழித்தும் அவருக்குச் சோறு இறங்காது.

இன்றாவது உள்ளதை எழுதிவிடலாம். எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும். வாடை கண்ணைக் கரித்தது. மேலே மின்விசிறி நின்றிருந்தது. ஆனாலும் காதருகே யாரோ மூச்சு வாங்கினார்கள். பேயாண்டி அவசரமாக எழுதினார்: 'பேச்சிமுத்து வலி தெரியாமல் உயிர் நீத்தார்.'

புள்ளி வைத்தார். வயிற்றுக்குள் எதுவோ கிழிந்தது.

காளவாசல் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிப் போனார்கள். நர்ஸ் ஊசியோடு வந்தாள். குனிந்தாள். நெற்றியைப் பார்த்தாள். நகர்ந்துவிட்டாள்.

"போடலம்மா!"

"போட்டாச்சுய்யா. வலியில அப்படித்தான் தோணும்."

இன்னொருத்தி வந்தாள். குனிந்தாள். பார்த்தாள். போய்விட்டாள்.

பேயாண்டி மனைவியின் கையைப் பிடித்தார். "என் நெத்தியில என்னடி இருக்கு?"

ஜெயக்கொடி குனிந்து பார்த்தாள். முந்தானையை எச்சிலில் நனைத்து அவர் நெற்றியைத் தேய்த்தாள். அழுத்தித் தேய்த்தாள். தோல் உரிந்தது. ரத்தம் வந்தது. எழுத்து அப்படியே இருந்தது.