எதையும் வாங்காதவர்கள்

மருந்துக்கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோர் காதோரத்திலும் பச்சைப் புள்ளி எரிந்தது. யாரும் எதுவும் வாங்கவில்லை. தூத்துக்குடிக்கு இது பழகிப்போன காட்சி.

“இருமல் மிட்டாயாவது வாங்குங்க வே,” என்றார் கடைக்காரர். யாரும் திரும்பவில்லை.

அவர்களில் ஒருவன் இருதயராஜ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். முதுகில் அடிபட்டபோது கொடுத்த அபின் வகை மாத்திரை, வலி போன பிறகும் அவனை விடவில்லை. வேலை போயிற்று. மனைவி ரெஜினா மகளுடன் மதுரைக்குப் போய்விட்டாள்.

பிறகுதான் தணிப்பான் வந்தது. காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் பதிக்கும் அரிசியளவுக் கருவி. மாத்திரை உடலில் சேராதவரை அதன் புள்ளி பச்சையாக எரியும். மாத்திரைக்கான தவிப்பு மூளையில் எழுந்ததுமே கண்டுபிடித்துத் தணித்துவிடும். அது தோற்றதே இல்லை. அதன்பின் அவன் மாத்திரையைத் தொட்டதும் இல்லை.

ஆனால் தணிகிற அந்த நொடி, வெயிலில் நடந்தவன் தொண்டையில் மோர் இறங்குவதுபோல் இருந்தது. தவிப்பு எழுந்தால்தானே தணியும்? மாத்திரை அட்டைகளைப் பார்த்தால் எழுந்தது. அதற்காகவே கடைக்கு வரத் தொடங்கினான். முதலில் தினமும். பிறகு காலையும் மதியமும் மாலையும்.

இன்று ரெஜினா மகளோடு திரும்பி வருகிறாள். அவன் குணமாகிவிட்டான் என்று நம்பி வருகிறாள். ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தான்.

ரயில் வந்து வெகுநேரமாகியிருந்தது. நிலையத்துப் பக்கமிருந்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. ரெஜினா இறங்கினாள். மகள் உள்ளேயே இருந்தாள்.

“ஸ்டேஷன்ல எவ்வளவு நேரம் நிக்க?”

அவன் காதைத் திருப்பிப் பச்சையைக் காட்டினான். “பாரு, ஒண்ணும் தொடல.”

“தெரியுது. அப்ப இங்க என்ன செய்றீய?”

அவன் கண் மாத்திரை அட்டைகளுக்குப் போய், ஒரு நொடி சொக்கியது. பக்கத்தில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ரெஜினா அவன் காதோரத்தைக் காட்டினாள்.

“அத எடுத்துருங்க. இல்லன்னா நாங்க திரும்பிப் போறோம்.”

“நாளைக்கே எடுத்துருதேன்.”

ஆட்டோவில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தணிப்பான் இல்லாவிட்டால் மாத்திரை மறுபடி கைக்கெட்டும். அந்த நினைப்பிலேயே தவிப்பு பொங்கியது. உடனே மோர் இறங்கியது.

அவன் முகம் தெளிந்தது. ரெஜினா கவனித்தாள்.

“உறுதியா இருக்கீயளா?”

“உறுதியா இருக்கேன்.”

எடுத்துவிடலாம் என்று இன்னொரு முறை முடிவு செய்தான். பிறகு இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் மோர் இறங்கியது. இனி கடைவரை போகவே வேண்டியதில்லை.