பிரேக்கில் கால் வைக்காதே

போன் அலறியது.

லோரீன் எடுக்கவில்லை.

அரிசோனா மலையிலிருந்து இறங்கும் நெடுஞ்சாலையில் இருபத்தெட்டு அடி நீள வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும் அறுபத்து மூன்று வயதுப் பெண் எந்த போனை எடுப்பாள்? அவளுக்குப் பின்னால் கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், முப்பத்து நான்கு வருஷக் குடித்தனத்தின் தட்டுமுட்டுச் சாமான்கள். இறக்கத்தில் அத்தனையும் சேர்ந்து அவளை முன்னே தள்ளின.

அறுபத்தைந்து மைல் வேகம். நூற்றெட்டு டிகிரி வெயில். செப்டம்பர் முடியப் போகிறது, வெயிலுக்கு அது தெரியவில்லை.

போன் மூன்றாவது தடவை அலறியது. டாஷ்போர்டில் மாட்டியிருந்த அதை ஒரு விரலால் தட்டினாள்.

"மேடம், குர்ட் பேசறேன். டயர் கடை குர்ட்."

"வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன்ப்பா. சாயங்காலம் கூப்பிடு."

"வெச்சுடாதீங்க! நீங்களா ஓட்டறீங்க? டெல்மர் சார் எங்கே?"

"பின்னாடி கார்ல வர்றார்."

"கார்லயா? அதை எப்பவும் வண்டிக்குப் பின்னாடி கொக்கியில மாட்டித்தானே இழுத்துட்டுப் போவீங்க?"

"கொக்கி வளைஞ்சுபோச்சாம். இன்னைக்கு மட்டும் தனியா..."



"மேடம்... டெல்மர் சார் கிளாஸ்ல உருட்டிக் காட்டுவாரே, ஒரு கிழட்டு டயர். தாத்தான்னு பேர் வெச்சு..."

"தெரியாம என்ன? அதைத் துடைச்சு வைக்கறதே நான்தான்."

டெல்மர், லோரீனின் கணவன். வீட்டு வண்டியில் ஊர் ஊராகச் சுற்றும் ரிட்டயர்டு ஆட்கள் மத்தியில் பெரிய புள்ளி. எந்த முகாமில் வண்டியை நிறுத்தினாலும் அங்கே ஒரு வகுப்பு எடுத்துவிடுவான். டயர் வெடித்தால் உயிர் பிழைப்பது எப்படி?

முதல் பாடம், தாத்தா டயர். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். தரையைப் பிடிக்கும் மேல் பட்டன் தேய்ந்திருக்காது. ஆனால் வயசு பன்னிரண்டு, உள்ளே எல்லாம் உளுத்தாச்சு, வெயிலில் வேகமாக ஓட்டினால் வெடிக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று. அதைப் படிக்காமல் சாவியைத் தொடாதே என்பான்.

இரண்டாவது பாடம், வெடித்த பிறகு. பிரேக்கில் கால் வைக்காதே. ஆக்ஸிலேட்டரை மிதி. ஸ்டியரிங்கை நேராகப் பிடி. மூன்று எண்ணு. அப்புறம் வேகத்தைத் தானாகச் சாகவிடு.

நூற்று நாற்பது வகுப்புகள். நூற்று நாற்பதிலும் லோரீன் கடைசி வரிசைக்குப் பின்னால் காப்பி ஊற்றிக்கொண்டிருப்பாள். 'என் பெண்டாட்டி மட்டும்தான் இன்னும் பாஸ் ஆகலை' என்று டெல்மர் ஜோக் அடிப்பான். கூட்டம் சிரிக்கும். லோரீன் காப்பி ஊற்றுவாள்.

"செவ்வாய்க்கிழமை அந்தத் தாத்தாவைக் கொண்டுவந்து ஒரு ரிம்ல மாட்டித் தரச் சொன்னார்" என்றான் குர்ட். "நம்பர் இருக்கற பக்கம் உள்ளே போகணும், கிளாஸ்ல ஆளுங்க தேடிக் கண்டுபிடிக்கட்டும்னார். நானும் மாட்டிக் குடுத்தேன்."

"சரி..."

"இப்போ வேற வேலையா உங்க முகாமுக்கு வந்தேன். நீங்க காலி பண்ணின இடத்துல, மேஜைக்கு அடியில தார்ப்பாயைப் போட்டு மூடி ஒரு சக்கரம் கிடக்கு. தூக்கிப் பார்த்தா, மே மாசம் நான் உங்களுக்கு வித்த புது டயர்."

"அப்போ..."

"அப்போ தாத்தா உங்க வண்டியில இருக்கார் மேடம். எந்தச் சக்கரம்னுதான் தெரியலை."

லோரீனுக்குத் தெரிந்தது.

நேற்று சாயங்காலம் துணி துவைத்துவிட்டு வந்தபோது டெல்மர் முன்பக்க இடது சக்கரத்துக்குக் கறுப்புப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஜாக்கி. சட்டையெல்லாம் வியர்வை. இந்த வயதில் எவ்வளவு சுறுசுறுப்பு என்று பெருமைப்பட்டு, எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கொடுத்தாளே பாவி!

முன்பக்க இடது சக்கரம். அவள் காலுக்கு நேர் கீழே.

ஒவ்வொன்றாக விளங்கியது. வழக்கத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே, இந்த வெயிலிலேயே மலையை விட்டு இறங்கணும் என்று அவன் பிடித்த பிடிவாதம். ஸ்டியரிங்கைத் தொடவே விடாதவன் காலையில் 'நீ ஓட்டு கண்ணு' என்றது. அப்புறம் பிஸ்கட்.

பிஸ்கட் அவர்களுடைய நாய். சீட்டெல்லாம் முடி என்று எட்டு வருஷமாக டெல்மர் அதைக் காரில் ஏற்றியதில்லை. இன்று காலையில் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போய்க் காரில் உட்காரவைத்தான்.

நாயைக் காப்பாற்றியிருக்கிறான்.

ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. கார்லா என்ற விதவை, நாற்பத்தைந்து அடி வண்டிக்குச் சொந்தக்காரி. அவள் அனுப்பிய மெசேஜைப் போன வாரம் பார்த்துவிட்டு லோரீன் மென்று விழுங்கியிருந்தாள். அவன் கண் கார்லா மேலா, அவள் வண்டி மேலா என்பது கடவுளுக்கே வெளிச்சம். விவாகரத்து என்று போனால் இந்த வீட்டு வண்டி லோரீனுக்குத்தான். அவள் அப்பாவின் பண்ணையை விற்று வாங்கியது. பெண்டாட்டியை விட்டவனை எந்த முகாமும் மதிக்காது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்கோ வாசல் தேடிச் சாப்பாடு வரும், முதல் பாத்திரத்தைக் கார்லாவே கொண்டுவருவாள்.

"மேடம், இருக்கீங்களா? ஓரம் கட்டுங்க!"

"ஓரமே இல்லை குர்ட். ரெண்டு பக்கமும் கம்பித் தடுப்பு. அதைத் தாண்டினா பள்ளம்." அவள் குரல் உடைந்தது. "அப்படியே நிறுத்தினாலும்... பின்னாடி அவர் இருக்கார். கார்ல துப்பாக்கி இருக்கு. என்னை என்ன பண்ணச் சொல்றே?"

போனால் டயர். நின்றால் புருஷன்.

"அழாதீங்க. பிரேக் வேண்டாம், காலை மட்டும் மெல்ல எடுங்க. கியரைக் குறைங்க. போலீசுக்கு இன்னொரு போன்ல சொல்லியாச்சு."

அவன் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. யாரோ கிசுகிசுத்தார்கள். கவனிக்கும் நிலையில் லோரீன் இல்லை.

அறுபது... ஐம்பத்தைந்து...

திரையில் இன்னொரு அழைப்பு. டெல்மர்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தங்கையையும் மகளையும் ஒரே லைனில் சேர்த்துப் பேசுகிறவள் லோரீன். விரல் தானாக அந்தப் பட்டனுக்குப் போனது.

"குர்ட், வாயைத் திறக்காதே. கேட்டுக்கிட்டு மட்டும் இரு."

இணைத்தாள்.

"என்ன லோரீன், மாட்டு வண்டியா ஓட்டறே?" டெல்மரின் குரலில் சிரிப்பு இருந்தது. "பின்னாடி லாரிக்காரன் திட்டறான். அறுபத்தஞ்சுக்கு ஏத்து."

"பயமா இருக்கு டெல்மர். ஸ்டியரிங் நடுங்குது."

"காத்து அடிக்குது, அவ்வளவுதான். ஏத்து."

"பிஸ்கட் என்ன பண்றான்?"

"தூங்கறான். எதுக்கு இப்போ அது?"

லோரீனின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

"டெல்மர்... ஒருவேளை டயர் வெடிச்சா, நான் என்ன பண்ணணும்?"

சரியாகச் சொல்லிவிடு, கடவுளே, இவன் வாயில் சரியான வார்த்தையைப் போடு! அவன் அதை மட்டும் சொல்லிவிட்டால் போதும். கார்லாவை மன்னித்துவிடுவாள். டயரைக்கூட மறந்துவிடுவாள். முப்பத்து நான்கு வருஷத்துக்கு ஒரே ஒரு வாக்கியம், ஊரில் முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் சும்மா சொல்கிற வாக்கியம்.

ஒரு வினாடி... இரண்டு... மூன்று...

"பிரேக் அடி" என்றான் டெல்மர். "முழு பலத்தோட. ரெண்டு காலையும் வெச்சு."

லோரீன் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள்.

"சரி" என்றாள்.

டமார்!

காலுக்குக் கீழே தரை துள்ளியது. வண்டி இடது பக்கம் பாய்ந்தது. பின்னால் அலமாரி திறந்து பீங்கான் தட்டுகள் நொறுங்கின. கண்ணாடி முழுக்கக் கம்பித் தடுப்பு, அதற்கப்பால் வெறும் ஆகாயம்.

அவளைக் கேட்காமலே வலது கால் பிரேக்குக்கு ஓடியது.

"பிரேக்! பிரேக்கை மிதி லோரீன்!" போன் கத்தியது.

அதே குரல். ஆனால் அவள் காதில் நூற்று நாற்பது வகுப்புகளும் ஒன்றாக ஒலித்தன. கால் பிரேக்குக்கு மேலே ஒரு அங்குலத்தில் நின்றது. பாழாய்ப்போன வண்டி பள்ளத்தைப் பார்த்து ஓடும்போது ஆக்ஸிலேட்டரை மிதிக்க எந்தப் பைத்தியத்துக்கு மனசு வரும்?

லோரீனுக்கு வந்தது. மிதித்தாள்!

ஒன்று. ஸ்டியரிங் அவள் மணிக்கட்டை முறுக்கியது, விடவில்லை.

இரண்டு. தடுப்பு ஜன்னலோரம் உரசிக்கொண்டு ஓடியது.

மூன்று. என்ஜின் இழுத்த இழுப்பில் வண்டி மூக்கை நேராக்கியது.

காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். நாற்பது... முப்பது... இருபது... வெறும் ரிம் தீப்பொறி கக்கியது. வலது பக்கம் தடுப்பு முடிந்து ஒரு சரளை மேடை வந்தது. அதில் ஏறி, முனகிக்கொண்டு வண்டி நின்றது.

உயிரோடு இருந்தாள். நம்ப முடியாமல் தன் முழங்காலைத் தானே கிள்ளிப் பார்த்தாள். டெல்மர் போனை வைத்துவிட்டிருந்தான், ஆனால் குர்ட்டின் லைனில் முகாம் ஆட்களின் குரல்கள் ஒன்றாக அவள் பெயரைக் கூப்பிட்டன.

பக்கக் கண்ணாடியில் டெல்மரின் கார். கதவு திறந்தது. அவன் இறங்கி வந்தான், ஒரு கை முதுகுக்குப் பின்னால்.

"கடவுள் காப்பாத்தினார் கண்ணு! கதவைத் திற."

லோரீன் ஜன்னலை இறக்கி, போனை எடுத்து வெளியே நீட்டினாள்.  

"அங்கேயே நில்லு டெல்மர். கிளாஸ் காத்துக்கிட்டிருக்கு."

"என்ன கிளாஸ்?"

"டெல்மர் சார், டயர் கடை குர்ட்" என்றது போன். "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். முகாம்ல பதினாலு பேர் இருக்கோம். எல்லாரும் உங்ககிட்டப் படிச்சவங்க."

அப்புறம் ஒரு வயதான அம்மாவின் குரல், சாவதானமாக.

"சார், நான் மூணு தடவை உங்க கிளாஸுக்கு வந்திருக்கேன். டயர் வெடிச்சா என்ன பண்ணணும்? இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

டெல்மர் வாயைத் திறந்தான். நூற்று நாற்பது தடவை சரளமாக வந்த பதில் இன்று வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து துப்பாக்கி சரளையில் நழுவி விழுந்தது. பதினாலு சாட்சிகள் கேட்டுக்கொண்டிருக்க அதை வைத்து என்ன செய்வது? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். திறந்திருந்த கார் கதவு வழியாக பிஸ்கட் குதித்து, அவனைத் தாண்டி லோரீனிடம் ஓடியது.

பத்து நிமிஷத்தில் நெடுஞ்சாலைப் போலீஸ் வந்தது. இபார்ரா என்ற பெண் அதிகாரி டெல்மருக்கு விலங்கு மாட்டித் தன் காரில் ஏற்றினாள். பிறகு குனிந்து, ரிம்மில் தொங்கிய டயர்க் கந்தலின் உள்பக்கத்தைத் திருப்பினாள். நான்கு இலக்கமும் அழியாமல் இருந்தது.

"இறக்கத்துல முன் டயர் வெடிச்சு, கவிழாம நின்ன வண்டியை இன்னைக்குத்தான் பார்க்கறேன்மா. யார் சொல்லிக் குடுத்தது?"

லோரீன் போலீஸ் காரின் பின் சீட்டைக் காட்டினாள்.

"அவர்தான். நல்ல வாத்தியார்."

"பிரேக்கை மிதின்னுதானே அவர் கத்தினார்? பதினாலு பேர் கேட்டிருக்காங்களே."

லோரீன் பிஸ்கட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"அது எனக்குச் சொன்னது ஆபீசர். அவர் உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்... காப்பி ஊத்தற சாக்குல நான் கொஞ்சம் ஒட்டுக் கேட்டுட்டேன்."