தங்கப்பாப்பாவின் குளியல்

வீடியோவில் கையைக் காணோம்.

ரீபா முதலிலிருந்து மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். அதே பச்சைச் சுவர், அதே நீலப் பிளாஸ்டிக் தொட்டி, அதே மஞ்சள் கவுன். மேலேயிருந்து தண்ணீர் விழுந்தது, அழுகைச் சத்தம் கேட்டது. ஊற்றுகிற கை மட்டும் இல்லை. ‘தங்கப்பாப்பா’ என்கிற அந்தச் சேனலில் எட்டு மாதமாக அந்தக் கை இல்லாமல் ஒரு வீடியோகூட வந்ததில்லை.

குரங்குக் குட்டிக்குக் கவுன் மாட்டி, பவுடர் பூசி, குளிப்பாட்டுகிற சாக்கில் அதை முக்கி எடுத்துப் படம் பிடிக்கிறவர்கள் முகத்தைக் காட்ட மாட்டார்கள். அந்த மட்டுக்கும் புத்தி உண்டு. அதனால் அவர்களை எதிர்க்கிறவர்களுக்குக் கைதான் அடையாளம். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் ரீபாவும், ஓய்வு பெற்ற வாத்தியார் சத்தியநேசனும், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் சேர்ந்த குழுவுக்கு அதுவே வேலை. மச்சம், தழும்பு, நகம், மோதிரம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். சுவரின் நிறத்தையும் பின்னால் கேட்கும் சத்தத்தையும் வைத்து ஊரைக் கண்டுபிடித்துப் புகார் எழுத வேண்டும். தங்கப்பாப்பாக்காரனுக்கு வலது கட்டைவிரல் நகம் கறுத்துச் செத்திருக்கும், மணிக்கட்டில் செப்புக் காப்பு இருக்கும். ஆறு வருஷமாகக் கூட வாழ்கிற புருஷன் கிங்ஸ்லியின் கையைக்கூட அவள் இவ்வளவு உற்றுப் பார்த்தது கிடையாது. இப்போதெல்லாம் தன் கையையே அப்படிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது: கட்டைவிரலுக்குக் கீழே தோசைக்கல் சுட்ட தழும்பு, பிறை வடிவம், பழையது.

மூன்றாம் முறை பார்த்தபோது இன்னொன்றும் உறுத்தியது. போனை வழக்கத்தைவிடக் கிட்டத்தில் வைத்திருந்தார்கள். படம் முழுக்க மஞ்சள் துணியும், அதன் நடுவே ஒட்டிக் கிடந்த ஈர மயிரும்தான். முதுகுப் பொத்தான்கள் ஒன்றும் போடப்படவில்லை. போட்டால் எட்டாது போலிருந்தது.

அழுகையும் சரியில்லை. குட்டியின் ‘க்கீ, க்கீ’தான்; ஆனால் அடித்தொண்டையிலிருந்து வந்தது. கீழே வரிசையாக ஹார்ட்டு விட்டிருந்தார்கள். ‘சோ க்யூட்’ என்று எழுதியிருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய் அறைய வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் பாதியிலேயே அவள் பக்கம் திரும்பியது. எப்போதும் திரும்பும்.

காரணம் குழுவில் யாருக்கும் தெரியாது. இரண்டு மாதத்துக்கு முன்னால் புகாரோடு போன அலுவலகத்தில், குளிப்பாட்டினால் குற்றமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். துன்புறுத்துவது தெளிவாகத் தெரிய வேண்டுமாம். அன்று ராத்திரி ரீபா ஒரு வெள்ளைக்காரியின் படத்தைப் போட்டுப் பொய்க் கணக்கு ஒன்று திறந்தாள். ‘தங்கம் குறும்பு செய்தால் அப்பா எப்படித் திருத்துவார்? ஆசையாக இருக்கிறது, காட்டுங்கள்’ என்று எழுதினாள். மூன்றாம் நாள் அவன் காட்டினான். காப்புப் போட்ட கை குட்டியின் பிடரியைப் பிடித்து நாற்பத்திரண்டு விநாடி தண்ணீருக்குள் வைத்திருந்தது. நல்ல சாட்சி என்று சத்தியநேசன் பாராட்டினார். அடுத்த வீடியோவில் அதே கவுனுக்குள் வேறு குட்டி. முதல் குட்டிக்கு இடது காதில் ஒரு வெட்டு இருந்தது. இதற்குக் காது முழுசாக இருந்தது.

சாட்சியை அனுப்பியாயிற்று, பார்க்கிறோம் என்று பதிலும் வந்தாயிற்று. ஒரு குட்டியைக் கொடுத்து வாங்கிய பதில்.

ஊரை அவள்தான் பிடித்தாள். பின்னால் கேட்ட அரைவை மில்லின் சத்தமும் டவுன் பஸ்ஸின் ஹாரனும் சீவலப்பேரி என்று சொல்லின. ஞாயிறு பதினோரு மணிக்கு நேரலைக் குளியல் என்று சேனலில் அறிவிப்பு வந்திருந்தது. ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகிறேன் என்று கிங்ஸ்லியிடம் சொல்லி, வேதப்புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, ரீபா சீவலப்பேரி பஸ்ஸில் ஏறினாள். பஸ்ஸிலிருந்தே சத்தியநேசனுக்குப் பேசினாள்.

“பன்னெண்டுக்குள்ள நான் ஆளுகளக் கூட்டிட்டு வாரேம்மா. அதுவரைக்கும் பஸ் ஸ்டாப்புலயே நில்லுங்க. தனியா உள்ள மட்டும் போயிராதீங்க.”

அவர் சொன்னபடி நின்றிருக்கலாம். ஆனால் குரங்குக் குட்டி வளர்க்கிற வீட்டைக் கேட்டுக் கேட்டு, வயல்வரப்போடு நடந்து, வாழைத் தோட்டத்தின் ஓரத்தில் அந்த வீட்டைக் கண்டபோது பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம்தான் இருந்தது. உள்ளே மோட்டார் ஓடியது.

எதிர்வீட்டு மாரிக்கண்ணு அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், சுளகைக் கீழே வைக்காமலே எழுந்து வந்தாள். அந்த வீட்டுக்காரன் இசக்கிராஜா ஒன்பது நாளாக வெளியே தலைகாட்டவில்லை என்றாள். கதவைத் தட்டிப் பார்க்க ஆம்பளைகளுக்கே தைரியமில்லையாம். ஏன் என்று ரீபா கேட்டதற்கு அவள் முகவாயால் கூரையைக் காட்டினாள்.

ஓட்டின் மேல், மதில்மேல், வேப்பமரத்தில், மோட்டார் அறையின் மேல், எங்கும் குரங்குகள். நாற்பது ஐம்பது இருக்கும். ஒன்றுகூடக் கத்தவில்லை. ஒன்றுகூடப் பேன் பார்க்கவில்லை. எல்லாம் ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

“தினம் இந்நேரத்துக்கு மோட்டார் ஓடுதும்மா,” என்றாள் மாரிக்கண்ணு. “தண்ணி ஊத்துத சத்தம் கேக்கு. பொறவு பிள்ள அழுவுத சத்தம். அவனுக்குப் பிள்ளகுட்டி கெடையாதுல்லா.”

அப்போது அழுகை கேட்டது.

பன்னிரண்டு மணி வரை காத்திருந்தால் இன்னொரு நாற்பத்திரண்டு விநாடி கடந்துவிடும் என்பதைத் தவிர ரீபாவுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. போன தடவை சாட்சிக்காகக் காத்திருந்தாள். இந்தத் தடவை காத்திருக்க மாட்டாள். அவள் நடக்க நடக்க மதில்மேல் இருந்தவை பைய நகர்ந்து வழிவிட்டன. கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை.

உள்ளே குழந்தைப் பவுடரின் வாசனை தூக்கலாக வந்தது. அதற்கடியில் புளித்த பாலின் வீச்சம், நனைந்த மயிரின் வீச்சம், அதற்கும் அடியில் கறிக்கடையை மத்தியானம் கழுவிவிடும்போது வருகிற அந்தக் கவிச்சி. தரையில் உடைந்த பால்புட்டிகள் கிடந்தன, சின்னச் சின்ன கவுன்கள் கொடியில் காய்ந்தன, சுவரெல்லாம் முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்னக் கைத்தடங்கள் காய்ந்து கறுத்திருந்தன. குளியலறையிலிருந்து வெள்ளை வெளிச்சம் வந்தது. படம் எடுக்கிறவர்கள் வைக்கிற வட்ட விளக்கு. பக்கத்தில் ஸ்டாண்டு. ஸ்டாண்டில் போன். நேரலை ஓடிக்கொண்டிருந்தது.

தொட்டியில் உட்கார்ந்திருந்தது குட்டி இல்லை.

முதலில் கவுனைத்தான் கண்டாள். தையல் விட்டு, தோளில் மாட்டித் தொங்கியது. அப்புறம் ரோமம் அடர்ந்த ஆம்பளை முதுகு. பவுடர் அப்பிய கன்னம். வாயில் திணித்த பால் ரப்பர். இரண்டு கையும் மணிக்கட்டோடு முடிந்திருந்தன. கடித்த இடம். பல் பட்ட இடம். அவன் அவளைப் பார்த்தான். ரப்பர் வாயிலிருந்து நழுவி விழுந்தது.

“க்கீ,” என்றான் இசக்கிராஜா. “க்கீ. க்கீ.”

தொட்டியின் விளிம்பில் காது முழுசான குட்டி உட்கார்ந்திருந்தது. அதன் கழுத்தில் செப்புக் காப்பு. அதன் பக்கத்தில் ஒரு தாய்க்குரங்கு செம்பால் தண்ணீர் மொண்டு அவன் தலையில் ஊற்றியது. அவசரமில்லாமல். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற பதத்தில். அதன் இடுப்பில் காய்ந்து கருவாடாகிப்போன ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு இடது காதில் வெட்டு.

ரீபா பின்னால் ஒரு எட்டு வைத்தாள். காலில் மயிர் உரசியது.

திரும்பினாள். வாசலை அடைத்து நின்றன. கூரையில் இருந்தவை. மதிலில் இருந்தவை. ஒன்றும் கத்தவில்லை.

கைப்பை விழுந்தது. வேதப்புத்தகமும் போனும் ஈரத்தில் சரிந்தன. ஸ்டாண்டில் இருந்த திரையில் பழைய கமெண்ட் ஒன்று எல்லாவற்றுக்கும் மேலே பின் பண்ணி வைக்கப்பட்டிருந்தது. அவள் எழுதிய வரி. ‘தங்கம் குறும்பு செய்தால் அப்பா எப்படித் திருத்துவார்? ஆசையாக இருக்கிறது, காட்டுங்கள்.’

தாய்க்குரங்கு செம்பை வைத்தது. அவளிடம் வந்தது. அவளுடைய வலது கையை எடுத்தது. புரட்டிப் பார்த்தது. கட்டைவிரல். நகம். தழும்பு. மூக்கில் வைத்து முகர்ந்தது. ரீபாவுக்கு அந்தப் பார்வை தெரியும். எட்டு மாதம் அவள் பார்த்த பார்வை.

“வேண்டாம்,” என்றாள். “நான் காப்பாத்தத்தான் வந்தேன்.”

முழங்கையில் விரல்கள் இறுகின. சின்ன விரல்கள். பத்து. இருபது. முதுகில் பாரம். தோளில் பாரம். கழுத்து நரம்பின் மேல் பல். கடிக்கவில்லை. வைத்திருந்தது.

கையைக் கொண்டுபோய் அவன் பிடரியில் வைத்தன.

சூடாக இருந்தது. உயிர் துடித்தது. இழுத்தாள். பல் அழுந்தியது. அவன் தலை கீழே போயிற்று. அவள் கையும் கூடவே போயிற்று. தண்ணீர் மணிக்கட்டைத் தொட்டது. குமிழிகள் விரலிடுக்கில் வெடித்தன. பிடரி உதறியது, உதறியது. விரலைப் பிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு விரலின் மேலும் ஒரு விரல்.

தரையில் கிடந்த அவளுடைய போன் மின்னியது. குழுவில் சத்தியநேசன் எழுதியிருந்தார்.

‘கை வந்துட்டு. புதுக் கை, பொம்பள கை. கட்டைவிரலுக்குக் கீழ பிறை மாதிரி சுட்ட தழும்பு. எல்லாரும் குறிச்சுக்கிடுங்க.’

ஸ்டாண்டில் இருந்த திரையில் ஹார்ட்டுகள் மேலே மேலே ஏறின. அவற்றுக்கு அடியில் மஞ்சள் கவுனும், தண்ணீரும், ஒரு பெண்ணின் கையும் தெரிந்தன. கை அமுக்கிக்கொண்டே இருந்தது.