பழுப்புக் கால் குருவி

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாணல் காட்டில் இருந்தவர்கள்:

காப்பாளர். அருங்காட்சியகத்தின் பறவை அறை அவள் பொறுப்பு. அறைச் சாவி அவள் கைப்பையில் இருந்தது. கைப்பை வேனில் இருந்தது.

பல் டாக்டர். பறவை பார்க்கும் குழுவின் தலைவர். தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர்.

வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகும் திருத்துவதை நிறுத்தாதவர்.

வேன் ஓட்டியவன். காப்பாளரின் கொழுந்தன். மைனா எது, காக்கை எது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வான்.

திங்கள் காலை. பறவை அறையில் ஓர் இழுப்பறை திறந்து கிடந்தது. பதப்படுத்திய பறவைகள் வரிசையாக மல்லாந்து கிடந்தன. நடுவில் ஒன்று இல்லை.

தொலைந்தது செந்தொண்டைக் குருவி. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்காக அலைகிற சேகரிப்பாளர்கள் உண்டு. பூட்டு உடைபடவில்லை. சாவி ஒன்றுதான். நாணல் காட்டிலிருந்து அருங்காட்சியகத்தின் பின்வாசல் நடக்கிற தூரம். தொலைந்ததை ஞாயிறு இரவே கண்டுபிடித்துச் சொன்னது காப்பாளர்.

மதியம் அருங்காட்சியக இயக்குநர் வருகிறார். அதற்குள் குருவி கிடைக்காவிட்டால் வழக்கு அவள் மேல். போனிலேயே சொல்லிவிட்டார்.

எஸ்.ஐ.க்கு நாற்காலி போட்டார்கள். அவர் அதைச் சுற்றி நடந்தார்.

"நாலு பேரும் ஒண்ணாவே இருந்தீங்களா?"

"இல்ல சார்," என்றார் டாக்டர். "கூட்டமா போனா பறவை நிக்காது. ஆளுக்கொரு பக்கமா பிரிஞ்சுட்டோம்."

"அப்ப நாலு பேர்ல யார் வேணா வேனுக்குப் போய்ச் சாவிய எடுத்திருக்கலாம்."

"மூணு பேர்," என்று திருத்தினார் வாத்தியார். "வேன்காரத் தம்பி நாணலுக்குள்ளதான் இருந்தான். ஒரு குருவியப் பாத்துட்டு வந்து விவரம் சொன்னான். பாக்காம அப்படிச் சொல்ல வராது."

எஸ்.ஐ. கொழுந்தன் முன்னால் போய் நின்றார். "இந்த ரூமுக்கு முன்ன வந்திருக்கியா?"

"இன்னைக்குத்தான் சார் வரேன்."

"குருவியச் சொல்லு."

"கட்டைவிரல விடக் கொஞ்சம் பெருசு. முதுகு சாம்பல். தொண்டையில செம்மண் கலர்ல திட்டு. காலு மங்கின பழுப்பு, மூக்கும் அதே. கண்ணு வெள்ளை. டக்குனு பறந்துடுச்சு."

காப்பாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"செம்மண் தொண்டைன்னா, காணாமப் போன ஜாதிதானே?" என்றார் எஸ்.ஐ.

"நானும் அதத்தான் சொன்னேன்," என்றார் டாக்டர்.

"நீங்க பல்லப் பாருங்க," என்றார் வாத்தியார். "செந்தொண்டைக்குக் காலும் மூக்கும் பவழச் சிவப்பு. கண்ணு கறுப்பு. இது வேற. புத்தகம் பூரா புரட்டிட்டேன், சிக்கல."

"அப்ப புது இனம்."

"உங்க கண்ணுக்கு எல்லாம் புது இனம்தான்."

அவர்கள் சண்டை போடட்டும் என்று விட்டுவிட்டு எஸ்.ஐ. இழுப்பறையைக் குனிந்து பார்த்தார். அடுத்ததை இழுத்தார். அதற்கடுத்ததையும்.

"இதுங்களுக்கெல்லாம் ஏன் கண்ணு வெள்ளையா இருக்கு?"

காப்பாளர் ஜன்னலை விட்டுத் திரும்பினாள்.

"பஞ்சு சார். கண்ண எடுத்துட்டுப் பஞ்சு வைப்போம்."

"காலு?"

"இறகோட நிறம் நிக்கும். காலும் மூக்கும் காஞ்சா சிவப்பு போயிடும். பழுப்புதான்."

டாக்டர் தன்னிடம் வருகிறவர்களைப் போல வாயைத் திறந்தபடி நின்றார்.

எஸ்.ஐ.யின் நடை நின்றது. "தம்பி குருவியப் பாத்தது நிஜம். நாணல்ல இல்ல, உள்ளங்கையில. எங்க போனேன்னு கேட்டாங்க, குருவி பாத்தேன்னுட்டான். எந்தக் குருவின்னு கேட்டதும் வேற எதுவும் தெரியாது. கையில இருந்தத ஒப்பிச்சுட்டான். உயிரோட இருக்கற செந்தொண்டைக்குக் கண்ணு வெள்ளை கிடையாது. இந்த இழுப்பறையில கிடந்ததுக்கு மட்டும்தான்."

எஸ்.ஐ. காப்பாளரைப் பார்த்தார்.

"நீங்க லீவு நாள் ராத்திரி எதுக்கு இங்க வந்து திறந்தீங்க?"

"வேன்ல இவன் சொன்னதக் கேட்டதுலேர்ந்து மனசு நிக்கல. வந்து பாத்தேன். இல்ல. தொலஞ்சதச் சொன்னேன். யாருன்னு சொல்ல வாய் வரல."

"அண்ணி," என்றான் கொழுந்தன். "சாவிய நீங்க குடுத்ததா சொல்லிடுங்க. வீட்டுக்குள்ளயே முடிச்சுக்கலாம்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. எஸ்.ஐ.யைப் பார்த்துச் சொன்னாள். "நான் குடுக்கல."

"குருவி எங்கடா?" என்றார் எஸ்.ஐ.

"வேன்ல. டூல் பாக்ஸ்ல."

"ஸ்பேனர் கூடவா போட்டு வச்சே?" என்றாள் அவள். அவள் குரல் உடைந்தது அப்போதுதான்.

போலீஸ்காரர் ஒருவர் போய்க் குருவியைக் கொண்டுவந்தார். வால் ஒடிந்திருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். டாக்டரும் வாத்தியாரும் சத்தமில்லாமல் வெளியேறினார்கள்.

கதவருகில் கொழுந்தன் நின்றான். "அண்ணி, அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"அவர் வெளியதான் நிக்கிறார். நான்தான் வரச் சொன்னேன். நீயே சொல்லிக்கோ."

எஸ்.ஐ. அவன் தோளில் கை வைத்து வெளியே தள்ளினார். அவள் கதவைச் சாத்தி, உள்பக்கமாகப் பூட்டினாள்.