விதைக் கவரில் எந்த ஊர்?

என் அக்கா மயிலாத்தாவுக்கு அப்போது பத்து வயது. எனக்கு எட்டு. அவளைப் போல ஒரு கெட்டிக்காரியை நான் இதுவரை பார்த்ததில்லை. சொந்த அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. சண்டை வந்தால் என் சடையைப் பிடித்து இழுப்பவள்தான் அவள். இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா?

எங்கள் ஊர் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் எல்லை தாண்டித் தமிழ்நாடு வந்துவிடும். அப்பா காளிச்சாமிக்கு இரண்டு ஏக்கர் தோட்டம். அவர் எடுக்கும் பீர்க்கன், புடலை, பாகல் விதைகளில் பத்துப் போட்டால் பத்தும் முளைக்கும். 1974ஆம் ஆண்டு அவருக்கு ஒரு யோசனை வந்தது. விதைகளைச் சின்னக் கவர்களில் போட்டு விற்கலாம். தூரத்து ஊர்க்காரர்கள் கடிதம் எழுதிக் கேட்டால் தபாலில் அனுப்பலாம்.

அதற்குக் கவர் அச்சடிக்க வேண்டும். கவரில் மேல்விலாசம் வேண்டும். அங்கேதான் வம்பு தொடங்கியது.

"பொள்ளாச்சின்னு போடுங்க மச்சான்," என்றார் செல்லத்துரை மாமா. அவர் அம்மாவின் தம்பி. பொள்ளாச்சியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். "பொள்ளாச்சிச் சந்தைன்னா எல்லாருக்கும் தெரியும். உங்க ஊரை ஆருக்குத் தெரியும்? என்ற கடை விலாசத்தையே போட்டுடுங்க. லெட்டரு வந்தா நான் கொண்டாந்து தர்றேன்."

"மாப்ள சொல்றதும் நாயமாத்தான் இருக்குது," என்று அப்பா தலையாட்டினார்.

"ஏனுங்கப்பா, நம்ம ஊடு இங்கதான இருக்குது?" என்றாள் அக்கா.

"ஊடு இங்க இருந்தா என்ன கண்ணு? பேரு வேணுமில்ல?"

சொன்னாரே தவிர, அப்பாவுக்கும் பயம்தான். "ஆயிரம் கவரு. ஒருக்கா அடிச்சுட்டா அடிச்சதுதான். ஆடியில விதைக்கிறவங்க ஆனிக்குள்ள கேட்டு எழுதோணும். லெட்டரு வராமப் போச்சுன்னா அத்தனை விதையும் வீணாப் போயிரும்," என்றார்.

நல்ல காலம், அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்தது. இருபது நாள் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள்.

"அப்பா, ரெண்டு விலாசத்தையும் அனுப்பிப் பாத்துரலாமுங்க," என்றாள் அக்கா.

இரண்டு தபால் கார்டுகளை எடுத்தாள். ஒன்றில் மாமாவின் கடை விலாசத்தை எழுதினாள். இன்னொன்றில் எங்கள் வீட்டு விலாசம். எழுதி முடிக்கும்போது தபால்காரர் கபிரியேல் அண்ணன் சைக்கிளில் வந்தார்.

"பின்கோடு எழுதலையா அம்மிணி?" என்று கேட்டார். ஆறு எண் உள்ள பின்கோடு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பாதிப் பேர் அதை எழுதுவதே இல்லை. "வழியில பிரிக்கிற மலையாளத்துக்காரங்களுக்குத் தமிழ் தெரியாமப் போகலாம். நம்பரு எல்லாருக்கும் தெரியும்."

அக்கா இரண்டு கார்டிலும் பின்கோடு எழுதினாள். ஒரு கடிதமும் எழுதி, எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்தாள். அந்த உறை சின்னக்கானலுக்குப் போயிற்று. அங்கே தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்யும் ஏசுரத்தினம் என்பவர் போன வருடம் அப்பாவிடம் விதை வாங்கியிருந்தார். 'இந்த இரண்டு கார்டையும் ஒரே நாளில், ஒரே பெட்டியில் போடுங்கள் ஐயா. தேதி எழுத மறக்காதீர்கள்' என்று அக்கா அவரிடம் கேட்டிருந்தாள்.

இதெல்லாம் அவளுக்கு எப்படித்தான் தோன்றுகிறதோ! நான் அன்று முழுவதும் அவள் பின்னாலேயே சுற்றினேன்.

எட்டாம் நாள் எங்கள் வீட்டுக் கார்டு வந்தது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சின்னக்கானலில் போட்டு நான்கே நாளில் வந்திருந்தது. 'உங்க பீர்க்கங்கொடி எங்க லயத்து வீட்டுக் கூரை மேலே ஏறிட்டு. இறங்க மாட்டேங்கு' என்று ஏசுரத்தினம் எழுதியிருந்தார்.

பொள்ளாச்சிக் கார்டு வரவில்லை. பத்து நாள் ஆயிற்று. பதினைந்து நாள் ஆயிற்று. மறுநாள் அப்பா அச்சகத்துக்குப் போக வேண்டும் என்ற நிலையில், பத்தொன்பதாம் நாள் மாமா வந்தார். எங்கள் கார்டு வந்த கதையைக் கேட்டதும் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து ஆட்டிக் காட்டினார்.

"முத்திரையைப் பாருங்க மச்சான்! மூணே நாளு! உங்க ஊருக்கு நாலு நாளு. ஆரு செயிச்சது?"

அப்பா முத்திரையைப் பார்த்தார். உண்மைதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா கார்டை வாங்கிப் பார்த்தாள். நடுவில் வட்டமாக ஒரு டீக் கறை இருந்தது.

"இதென்னங்க மாமா?"

"அதுவா? ஈ உழுகாம இருக்க டீக் கிளாசு மேல மூடி வச்சிருந்தேன்."

"எத்தனை நாளுங்க?"

மாமா விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்தது. இன்னொரு கையும் முடிந்தது. மேலும் எண்ண விரல் இல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

"உங்க கடைக்கு மூணு நாள்ல வந்துருச்சுங்க மாமா. நம்ம ஊட்டுக்கு வரப் பதினஞ்சு நாளாச்சுங்க," என்றாள் அக்கா மெதுவாக.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. "கடையில சோலி அதிகம் கண்ணு," என்று தலையைக் குனிந்துகொண்டார். பாவமாக இருந்தது.

அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மாமா, கவருக்குப் பின்னால சும்மாத்தான இருக்குது? அங்க 'பொள்ளாச்சியில் கிடைக்குமிடம்: செல்லத்துரை சைக்கிள் கடை'ன்னு போட்டுரலாமுங்க. சந்தைக்கு வர்றவங்க கையோட வாங்கிட்டுப் போவாங்க. லெட்டரு மட்டும் இங்க வரட்டும்."

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "என்ற பேரையா? அச்சுலயா?" என்று மூன்று முறை கேட்டார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான் என்று அக்கா எப்படிக் கண்டுபிடித்தாளோ!

அப்பா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் தனியாக அச்சகத்துக்குப் போனார். என்ன எழுதிக் கொடுத்தார் என்று எங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கவர்கள் வந்தன. மாமா முதல் கவரை வாங்கிப் பின்பக்கத்தை உரக்கப் படித்தார். நான் முன்பக்கத்தைப் படித்தேன். 'மயிலாத்தா விதைகள்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே எங்கள் ஊர், பின்கோடு. அக்கா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனி மாதம் முதல் கடிதம் வந்தது. கபிரியேல் அண்ணன் சைக்கிளை நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு விலாசத்தைப் படித்தார்.

"உயர்திரு மயிலாத்தா அம்மாள் அவர்கள்..." படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மாள் ஊட்டுல இருக்காங்களா?"

நான் மேலே கையைக் காட்டினேன்.

"அம்மாள் கொய்யா மரத்துல இருக்காங்கண்ணா. இறங்கி வரச் சொல்றேன்!"